செத்த யானைக்கும் டிக்கெட்

கேள்வி: சர்க்கஸில் மிருகங்களே கூடாது என்று தடைபோட்டுக் குழந்தைகளின் குதூகலத்தைக் கெடுத்துவிட்டார்களே! அந்தக் காலத்து முதலாளிகள் மிருகங்களைப் பெற்ற பிள்ளைபோல் வளர்த்தவர்கள் அல்லவா?
– வாசகர் ஒருவர், மாட்டுங்கா, மும்பை

பதில்: முதலில் தடையைச் சரியாகச் சொல்லிவிடுவோம். பழக்கி வேடிக்கை காட்டக் கூடாது என்று 1998-இல் மத்திய அரசு அறிவித்தது கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் என்ற ஐந்தைத்தான். வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2001-இல் உச்ச நீதிமன்றம் தடை செல்லும் என்றது. குதிரையும் நாயும் அந்தப் பட்டியலில் இல்லை.

இனி, 'பெற்ற பிள்ளை'. ஊர் ஊராக மிருகக் கூண்டுகளை இழுத்துச் சென்று காசு பார்த்தவர்களில் பெரிய புள்ளி ஜார்ஜ் வோம்ப்வெல். லண்டனில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர். 75 பவுண்டுக்கு இரண்டு மலைப்பாம்புகள் வாங்கி, மூன்றே வாரத்தில் போட்ட பணத்தை எடுத்தார். அப்புறம் செருப்பு எதற்கு?

ஒருமுறை லண்டன் பார்த்தலோமியூ சந்தைக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்று வடக்கே வெகுதொலைவிலுள்ள நியூகாசிலிலிருந்து யானையை விரட்டிக்கொண்டு வந்தார். வந்து சேர்ந்ததும் அது விழுந்து செத்தது. போட்டிக்காரர் அட்கின்ஸ் விடுவாரா? 'சந்தையில் உயிருள்ள ஒரே யானை இங்கே' என்று எழுதி மாட்டினார். வோம்ப்வெல் அசரவில்லை, 'சந்தையில் செத்துப்போன ஒரே யானை இங்கே' என்று பதிலுக்கு எழுதி மாட்டினார். கூட்டம் செத்த யானையிடம்தான் முண்டியடித்தது! யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்ற நம் பழமொழியைத் தமிழ் தெரியாமலே வசூல் செய்து காட்டிவிட்டார். பெற்ற பிள்ளையின் பிணத்துக்கு யாராவது டிக்கெட் கிழிப்பார்களா ஐயா?

1825-இல் வாரிக் நகரில் நீரோ என்ற தம் சிங்கத்தின் மேல் நாய்களை ஏவிவிட்டு வேடிக்கை காட்டியவரும் அவரே. மனிதர் கையில் வளர்ந்த சாது அது, சண்டைக்கே வரவில்லை. ஹைகேட் இடுகாட்டில் இன்றும் அவர் கல்லறைமேல் படுத்திருப்பது அதே நீரோவின் சிலைதான். செத்த பிறகும் காவல் வேலை!

வெள்ளைக்காரன் கதை நமக்கெதற்கு என்பீர்கள். நம் நாட்டிலும் விஷ்ணுபந்த் சத்ரே 1880-இல் சர்க்கஸைத் தொடங்கினார். அவர் குதிரைவித்தைக்காரர், அந்தக் கதை வேறு. நான் பார்த்ததைச் சொல்கிறேன். எனக்கு அப்போது எட்டு வயது. சயானிலிருந்து பஸ் பிடித்து அம்மா சர்க்கஸுக்கு அழைத்துப்போயிருந்தார். ஆட்டம் முடிந்ததும் கூடாரத்துக்குப் பின்னால் கூண்டுகளைப் பார்க்கத் தனி டிக்கெட். சக்கரம் வைத்த பெட்டிக்குள் ஒரு புலி. மூன்று எட்டு, ஒரு திருப்பம். மறுபடி மூன்று எட்டு. திரும்பும் இடத்தில் தோள் உரசி உரசிக் கம்பி பளபளத்தது. தோளில் அந்த அளவுக்கு முடி இல்லை. தலைச்சேரிக்காரப் பணியாள் ஒருவர் அதை மலையாளத்தில் "மோளே" (மகளே) என்று கூப்பிட்டுத் தண்ணீர் வைத்தார். அந்தக் குரலில் இருந்த பாசத்தை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் கூண்டுக்கு அளவு கொடுத்தவர் அவர் அல்லவே.

"இது தூங்கவே தூங்காதா?" என்று அம்மா கேட்டார்.

"லாரி கிளம்பினால் படுத்துவிடும், அம்மா."