சிலிண்டர் மாறினால் ஈயம் எவ்வளவு?

அன்புள்ள ஐயா,

ஸ்கூபா பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இதுவரை நாற்பது டைவ் போயிருக்கிறேன், எல்லாமே கடலில். வழக்கமாக எனக்கு அலுமினியம் 80 சிலிண்டர், 5 மில்லிமீட்டர் வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை), மிதக்காமல் மூழ்குவதற்காக இடுப்பில் 6 கிலோ ஈயம். ஒரு முறை 12 லிட்டர் ஸ்டீல் சிலிண்டர் கொடுத்தார்கள். "ஸ்டீல் கனம், ஈயத்தைக் குறைத்துக்கொள்" என்றார் உடன் வந்தவர். நான் இரண்டு சிலிண்டர்களையும் தராசில் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரே எடை. அதனால் 6 கிலோவையே கட்டிக்கொண்டு இறங்கினேன். கல்லைப் போல மூழ்கினேன். அடுத்தடுத்த டைவ்களில் குறைத்துக்கொண்டே வந்து 3 கிலோவில் சரியானது. பிறகு மறுபடி அலுமினியம் கிடைத்தபோது 4 கிலோ கட்டினேன். தொடக்கத்தில் அருமையாக இருந்தது. ஆனால் கடைசியில், மேலே வருமுன் சில நிமிடம் நிற்க வேண்டிய 5 மீட்டரில் நிற்கவே முடியவில்லை, மேலே வந்துவிட்டேன். தராசு சொன்னது ஏன் தப்பானது? தொடக்கத்தில் சரியாக இருந்தது கடைசியில் எப்படிக் கெட்டது? இதற்குக் கணக்கு ஏதாவது உண்டா?

அன்புடன்
எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டு கேள்விகளுக்கும் விடை உண்டு. கணக்கும் உண்டு.

முதலில் தராசு. அது பொய் சொல்லவில்லை, தரையில் உள்ள எடையைச் சொன்னது. நீருக்குள் அதோடு இன்னொன்றும் சேர்கிறது: சிலிண்டர் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பது. ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். விலக்கப்பட்ட நீரின் எடை எவ்வளவோ அவ்வளவு மேல்நோக்கிய உந்துதல். அலுமினியத்தின் அடர்த்தி லிட்டருக்கு 2.7 கிலோ, எஃகினுடையது 7.8. அழுத்தத்தைத் தாங்குவதற்காக அலுமினியச் சிலிண்டரின் சுவரை மிகவும் தடிமனாகச் செய்கிறார்கள். ஆகவே ஒரே எடையிலும் அது பருமனாக இருக்கும்.

உங்கள் இரண்டு சிலிண்டர்களையே எடுத்துக்கொள்வோம். வெற்றுச் சிலிண்டர் இரண்டும் சுமார் 14 கிலோ, வால்வு முக்கால் கிலோ என்று வையுங்கள். அலுமினியம் 80-இன் உள்ளளவு 11.1 லிட்டர். 14 கிலோ அலுமினியம் தானே 5.2 லிட்டர் இடத்தை அடைக்கும். ஆக மொத்தம் 16.3 லிட்டர். கடல்நீர் லிட்டருக்கு 1.025 கிலோ என்பதால் உந்துதல் சுமார் 16.7 கிலோ. சிலிண்டரும் வால்வும் சேர்ந்து பதினைந்துக்குச் சற்றுக் குறைவு. அதாவது காலியான அலுமினியச் சிலிண்டர் உங்களை ஏறத்தாழ 2 கிலோ அளவுக்கு மேலே இழுக்கிறது. ஸ்டீலில் உள்ளளவு 12 லிட்டர், உலோகம் 1.8 லிட்டர்தான். மொத்தம் 13.8, உந்துதல் சுமார் 14.1 கிலோ. அது காலியாக இருந்தாலும் அரைக் கிலோவுக்கு மேல் கீழே இழுக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி இரண்டரைக் கிலோவைத் தாண்டுகிறது. சிலிண்டரைப் பொறுத்து 3 கிலோ வரை போகும். ஆறிலிருந்து மூன்றுக்கு நீங்கள் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தது சரியான இடம்தான்.

அடுத்தது, என்னை அதிகம் கவலைப்பட வைத்த பகுதி: 4 கிலோவோடு இறங்கிய அந்த அலுமினிய டைவ்.

காற்றுக்கு எடை உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இடுப்பில் ஈயம் கட்டும்போது அது நினைவுக்கு வருவதில்லை. ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம். சிலிண்டரின் காற்றழுத்தம் 200 பாரில் தொடங்கி 50 பாரில் முடிந்தால் 150 பார் செலவு. 11.1 லிட்டர் சிலிண்டரில் அது ஏறக்குறைய 1,650 லிட்டர் காற்று, அதாவது 2 கிலோ. நீங்கள் இறங்கும்போது அந்த 2 கிலோ ஈயத்தின் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதனால்தான் தொடக்கம் அருமையாக இருந்தது. பிறகு அதை மூச்சுக் காற்றாகச் செலவழித்துவிட்டீர்கள். 5 மீட்டருக்கு வந்தபோது 2 கிலோ குறைந்திருந்தது. ஆழத்தில் நசுங்கியிருந்த வெட்சூட்டும் மேலே வர வர உப்பிக்கொண்டது. இனி எப்படி நிற்க முடியும்?

ஆகவே ஈயத்தைக் கணக்கிட வேண்டியது டைவின் கடைசி நிமிடத்துக்கு. இரண்டு சிலிண்டர்களை ஒப்பிடும்போதும் வெற்று நிலையில் ஒப்பிடுங்கள். தொடக்கத்தில் 2 கிலோ கனமாக உணர்வது தவறல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். அதைச் சமாளிக்கத்தான் பி.சி.டி. (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் அங்கி) இருக்கிறது. 15 லிட்டர் ஸ்டீல் கிடைத்தால் முழுக்காற்றே சுமார் 3.6 கிலோ வரும், தொடக்கம் இன்னும் கனமாக இருக்கும். அதைக் கண்டு பதறி ஈயத்தைக் கழற்றிவிடாதீர்கள்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஸ்டீல் சிலிண்டருக்கென்று ஈயம் கட்டித் தயாராக நின்றேன். கடைசி நேரத்தில் வால்வின் ஓ-ரிங்கில், அதாவது அடைப்பு ரப்பர் வளையத்தில் கசிவு. படகிலிருந்த அலுமினியம் ஒன்றை மாட்டிவிட்டார்கள். ஈயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் யோசிக்கவில்லை. திரும்பும்போது 5 மீட்டரில் நங்கூரக் கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கால்கள் தலைக்கு மேலே தூக்க, மூன்று நிமிடம் தொங்கினேன். கயிறு இல்லாத இடமாக இருந்திருந்தால் நேரே மேலே போயிருப்பேன். 5 மீட்டரில் அழுத்தம் 1.5 பார், நீர்மட்டத்தில் 1 பார். அந்தச் சிறிய தூரத்துக்குள் நுரையீரலில் உள்ள காற்று ஒன்றரை மடங்காகிறது. கட்டுப்பாடு மிகவும் தேவைப்படும் இடமும் அதுதான்.

சரி, புதுச் சிலிண்டர் கையில் வந்தால் என்ன செய்வது? பல சிலிண்டர்களின் தோள் பகுதியில் வெற்று எடையும் கொள்ளளவும் பொறித்திருக்கும். மேலே போட்ட கணக்கைப் போட்டாலே முதல் மதிப்பீடு கிடைத்துவிடும். தயாரிப்பாளரின் அட்டவணை கிடைத்தால் அதில் காலி நிலைக்கான மிதப்பை மட்டும் பாருங்கள். அலுமினியம் என்ற பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். இன்னும் தடித்த சுவரோடு, காலியானாலும் மிதக்காத வகைகளும் இருக்கின்றன.

அப்புறம் நீரில் சோதிக்க வேண்டும். டைவ் முடிவில், 50 பாரில், 5 மீட்டரில், பி.சி.டி.யை முழுக்கக் காலி செய்யுங்கள். கணுக்கால்களைக் குறுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நம்மை அறியாமல் துடுப்பை அடித்துக்கொண்டே இருப்போம். இயல்பாக மூச்சு விடுங்கள். இழுக்கும்போது சற்று மேலேறி, விடும்போது சற்று இறங்கினால் ஈயம் சரி. தொடக்கத்திலேயே பார்க்க வேண்டுமானால், நீர்மட்டத்தில் பி.சி.டி.யைக் காலி செய்து, இயல்பான ஒரு மூச்சை நிறுத்திப் பாருங்கள். கண்ணளவில் நீர் நின்றால், அதோடு காற்றுக்காக 2 கிலோ சேர்க்க வேண்டும். மூச்சை நிறுத்துவது நீர்மட்டத்தில் மட்டும், கீழே ஒருபோதும் கூடாது. உலர்ந்த வெட்சூட்டுக்குள் காற்றுக்குமிழிகள் இருக்கும், சில நிமிடம் ஊறிய பிறகு சோதியுங்கள்.

எவ்வளவு என்பதோடு எங்கே என்பதையும் கவனியுங்கள். இடுப்பிலிருந்து 3 கிலோவைக் கழற்றியதும் கனம் முதுகுக்கு மாறிவிடுகிறது. ஸ்டீலோடு அசையாமல் இருந்தால் மல்லாக்கப் புரட்டப் பார்க்கும். பட்டையில் சிலிண்டரைச் சற்று ஏற்றியோ இறக்கியோ மாட்டிப் பாருங்கள். அலுமினியத்தில் கடைசியில் அடிப்பாகம் மேலே தூக்கும். ஒரு கிலோவைச் சிலிண்டர் பட்டையில் உள்ள பைக்கு மாற்றினால் அது அடங்கும். ஆனால் அவசரத்தில் அந்த ஒரு கிலோவைக் கழற்றி எறிய முடியாது, மீதியைக் கழற்றக்கூடிய இடத்திலேயே வையுங்கள். மெல்லிய வெட்சூட்டோடு கனமான ஸ்டீல் இரட்டைச் சிலிண்டர் போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அதில் எறிவதற்கு ஈயமே இருக்காது. பி.சி.டி. கிழிந்தால் நீந்தி மேலே வருவது மிகக் கடினம்.

சிலிண்டரின் விட்டமும் மாறும் என்பதால் பட்டையை நனைத்து, புதிதாக இறுக்குங்கள். நன்னீரில் இறங்கினால் இந்த எண்கள் எல்லாமே மாறும். உடலும் கருவிகளும் சேர்ந்து 100 கிலோ என்றால், கடலில் கட்டியதைவிட இரண்டரைக் கிலோ குறைவாகவே தேவைப்படும்.

அடுத்த அலுமினிய டைவுக்கு, அதே வெட்சூட் என்றால் 6 கிலோவோடு இறங்குங்கள். லாக் புத்தகத்தில் ஈயத்தின் எடைக்குப் பக்கத்தில் சிலிண்டரின் வகை, கொள்ளளவு, வெட்சூட்டின் தடிமன், முடிவில் எத்தனை பார் என்று நான்கையும் எழுதுங்கள். 5 மீட்டர் சோதனையில் என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.