ஒரே மேசையில் இரண்டு பதில்கள்

கேள்வி: என் பெற்றோர் யாழ்ப்பாணத்தவர்கள். நான் இத்தாலியின் பலேர்மோ நகரில் பிறந்து வளர்ந்தவள், வயது 19. போலோஞா பல்கலைக்கழகத்தில் இத்தாலிய இலக்கியமும் சினிமாவும் படிக்க விரும்புகிறேன். உணவகச் சமையலறையில் வேலை செய்யும் அப்பாவும், வீடுகளில் துப்புரவு வேலை செய்யும் அம்மாவும் கணினிப் படிப்பையே விரும்புகிறார்கள். கட்டணச் சலுகைக்காக வருமானச் சான்றிதழ் எடுக்கப் போனபோது, என்ன படிக்கப் போகிறாய் என்று அலுவலர் கேட்டார். இலக்கியம் என்றேன். அப்பாவிடம் கணினி என்று சொல்லிவிட்டேன். அவரும் கையொப்பமிட்டார். கூட வந்த தம்பி (11 வயது) மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தான். தாந்தே என் உயிர். ‘சைக்கிள் திருடர்கள்’ படத்தின் முடிவில் அந்தச் சிறுவன் அப்பாவின் கையைப் பிடிக்கும்போது ஒவ்வொரு முறையும் அழுதிருக்கிறேன். இந்தப் படிப்புக்கு எதிர்காலம் உண்டா? துணிந்து போகலாமா?
– வாசகி, பலேர்மோ

பதில்: மகளே, எதிர்காலம் உண்டா என்ற கேள்வி எனக்கு வாராவாரம் வருகிறது. ஊரும் படிப்பும்தான் மாறும். அதற்குப் பிறகு வருகிறேன். உன் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் சில வரிகளை எழுதியிருக்கிறாய். அவற்றைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

ஒரே மேசை, ஒரே கேள்வி. எதிரே இருந்தவருக்கு இத்தாலிய மொழியில் ஒரு பதில்; பக்கத்து நாற்காலியில் இருந்த அப்பாவுக்குத் தமிழில் வேறொரு பதில். முன்பின் தெரியாத அலுவலரிடம் உண்மையைச் சொன்ன நீ, பெற்றவரிடம் சொல்லவில்லை. “அவரும் கையொப்பமிட்டார்” என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டாய்! வேறு என்ன செய்வார் அவர்? வைத்தியர் சொன்னது, வீட்டுச் சொந்தக்காரர் கேட்டது, வதிவிட அனுமதிக் கடிதத்தில் இருந்தது எல்லாவற்றையும் சின்ன வயதிலிருந்து நீதானே அவருக்குச் சொல்லி வந்திருப்பாய்? உன் வாயை நம்பித்தான் அந்த மனிதர் அந்த நாட்டில் நடமாடுகிறார். பிடிக்காத படிப்பை மறைத்ததைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். மொழி தெரியாத தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே மாற்றி மொழிபெயர்த்தாயே, அதைப் பொறுக்க முடியவில்லை.

தாந்தே உன் உயிர் என்கிறாய். ‘தெய்வீக நாடகம்’ என்ற காவியத்தில் அந்தக் கவிஞர் படைத்த நரகத்தில் கொலைகாரர்கள் இருப்பது ஏழாம் வட்டத்தில். தம்மை நம்பியவர்களை வஞ்சித்தவர்களை அதற்கும் கீழே, கடைசியான ஒன்பதாம் வட்டத்தில், பனிக்கட்டியில் உறைய வைத்தார். அதிலும் சொந்த உறவுக்குத் துரோகம் செய்தவர்களுக்கு, பைபிளில் தம்பியைக் கொன்ற காயீன் பெயரால் ஒரு தனிப் பகுதி. நீ செய்தது அத்தனை பெரிய பாவம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கத்தியைவிட வஞ்சனையை ஏன் அவர் கீழே வைத்தார் என்று நாளைக்குப் பரீட்சைத் தாளில் எழுதப் போகிறவள் நீ. அந்த விடையை உன் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் யோசி.

“அப்பாவுக்கு இதெல்லாம் புரியாது” என்று உன் மனம் சொல்லும். 1948இல் இயக்குநர் லுக்கீனோ விஸ்கோந்தி, உங்கள் பலேர்மோ இருக்கும் சிசிலித் தீவின் ஆச்சி திரெத்சா என்ற மீனவ ஊரில் ஒரு படம் எடுத்தார். அந்த ஊர் மீனவர்களே தங்கள் பேச்சுமொழியில் நடித்தார்கள். சிசிலியில் ஏழைகளின் மொழி இத்தாலியன் அல்ல என்று படத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அடுப்படிச் சிசிலியனில் பேசிப் பழகி, அலுவலக இத்தாலியனுக்கு முன்னால் வாயடைத்து உட்காரும் உன் அப்பாவுக்கு அந்த ஒரு வரி போதும். அவரை உட்கார வைத்து இந்தப் படத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறாயா? 13ஆம் நூற்றாண்டில் பேரரசன் இரண்டாம் ஃபிரெடெரிக்கின் சிசிலி அரசவையில் ஜாக்கொமோ தா லெந்தீனி என்ற நொத்தாரிசு இருந்தார். சொனெட் என்ற 14 வரிக் கவிதை வடிவத்தை உண்டாக்கியவர் அவர் என்பார்கள். பலேர்மோ அந்த அரசவையின் பெருநகரம், நீங்கள் வாடகைக்கு இருக்கும் அதே ஊர். இதையாவது ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாயா? சொல்லிப் பார்க்காமலே “புரியாது” என்று தீர்ப்பு எழுதிவிட்டாய்.

இப்போது எதிர்காலம். மூன்று ஆண்டு, 180 கிரெடிட் என்ற பாடப் புள்ளிகள் முடித்ததும் வேலை வந்து நிற்காது. இத்தாலியில் பள்ளி ஆசிரியராக வேண்டுமென்றால் மேலும் இரண்டு ஆண்டு முதுகலை, அதன் பிறகு ஆசிரியத் தகுதி, போட்டித் தேர்வு. உதவித்தொகையை நம்பிப் போகிறவள் ஆண்டுக்கு இத்தனை கிரெடிட் என்ற கணக்கில் பிந்தினால் அந்தப் பணமும் நின்றுபோகும். கடினமான பாதைதான். படி என்றுதான் சொல்வேன். பெற்றோர் சொன்ன படிப்பைத்தான் பிள்ளை படிக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் தகப்பன் கழுவிய பாத்திரங்களின் பணத்தில் படிக்கப் போகிறவள், என்ன படிக்கிறேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கடமைப்பட்டவள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. அவர் கோபப்படுவார். சில நாள் பேசாமல்கூட இருப்பார். அது அவருடைய உரிமை.

இனித் தம்பி. அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்த இன்னொருவன் அவன்தான். உன்னைப் பார்த்துச் சிரித்தான் என்று எழுதியிருக்கிறாய். நீ அழுத படத்தில் தகப்பன் சைக்கிளைத் திருடிப் பிடிபட்டு, கூட்டத்தில் அடிபட்டு அவமானப்படுவதை மகன் புரூனோ பார்த்துக்கொண்டு நிற்கிறான். அத்தனையும் பார்த்த பிறகுதான் அவர் கையைப் பிடிக்கிறான். உன் தம்பியும் அன்று தன் தகப்பனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அவன் கற்றுக்கொண்டது வேறு. நீ போலோஞாவுக்குப் போன பிறகு அம்மாவுடன் வைத்தியசாலைக்குப் போய் மொழிபெயர்க்கப் போகிறவன் அவன்.

அப்பாவுக்கு வேலையில்லாத நாளில், பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யும் தாளை எடுத்து வந்து அவர் முன்னால் உட்கார். படிப்பின் பெயரை முதலில் இத்தாலிய மொழியில் வாசி. பிறகு அதையே தமிழில் சொல். தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொள்.