மழை பெய்தாலே “சுனாமி வருமா?” என்கிறான் மகன்

கேள்வி: 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது தெருவுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்ததிலிருந்து, மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகன் வானம் இருட்டினாலே “சுனாமி வருமாம்மா?” என்கிறான். ராத்திரி என்னை விட்டு நகர்வதில்லை. மாமியாரோ, “ஊர்ல பாவம் கூடிப்போச்சு, அதான் கடலம்மா கோவப்படுறா” என்கிறார். அவனுக்கு எப்படிப் புரியவைப்பது?
- ஒரு வாசகி, கடலூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு, விளக்கம் சொல்லும் முன் அவனைப் பேச விடுங்கள். “புயல் ஏன் வருதுன்னு நீ நினைக்கிற?” என்று கேட்டு, நடுவில் திருத்தாமல் முழுசாகக் கேளுங்கள். காரணம் தெரியாவிட்டால் பிள்ளைகள் தாங்களே ஒன்றை உண்டாக்கிக்கொள்வார்கள். தப்புச் செய்தவனை இயற்கையே தண்டிக்கும் என்று சிறு பிள்ளைகள் நம்புவதைப் பற்றி சுவிட்சர்லாந்தின் குழந்தை உளவியலாளர் ழான் பியாஜே 1932-லேயே எழுதியிருக்கிறார். பாட்டி ஊரைத்தான் சொல்கிறார். அன்றைக்கு வீட்டில் பொய் சொன்ன பிள்ளைக்கோ அது தன்னைச் சொன்னதாகவே படும். “உன்னால வரல, யார் தப்புப் பண்ணினதாலயும் வரல” என்று வாய்விட்டே சொல்லிவிடுங்கள்.

மாமியாரோடு வாதாட வேண்டாம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது கதவுக்கு எதை முட்டுக்கொடுத்தார், கரண்ட் இல்லாத நாட்களில் என்ன சமைத்தார் என்று பேரனுக்குச் சொல்லச் சொல்லுங்கள். பிழைத்து வந்தவரே பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் பிள்ளைக்குத் தைரியம் வரும்.

அவன் மனதில் புயலும் சுனாமியும் குழம்பிக் கிடக்கின்றன. 2004 டிசம்பர் 26 காலையில் இங்கே புயலும் இல்லை, மழையும் இல்லை. சுமத்ரா பக்கம் கடலடியில் பூமி அதிர்ந்து கிளம்பிய அலை, நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்று நமக்கு முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் அதற்கென்றே ஒரு மையம் இரவுபகலாகக் கவனித்து வருகிறது. மழைக்கும் சுனாமிக்கும் தொடர்பில்லை என்று தெரிந்தாலே பயம் பெருமளவு குறையும்.

புயலுக்கு, இட்லிப் பானையைத் திறந்து ஆவி மேலே போவதைக் காட்டுங்கள். வங்கக்கடல் சூடானால் ஈரக்காற்று அப்படித்தான் மேலே ஏறும். அந்த இடத்துக்குச் சுற்றிலுமிருந்து காற்று ஓடிவரும். பூமி சுழல்வதால் அதுவும் சுழலும். மூன்றாம் வகுப்புக்கு இது போதும். வானிலை மையம் சில நாள் முன்பே சொல்லிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

“இனி புயலே வராது” என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அடுத்த கார்த்திகையில் ஒன்று வந்தால், அப்புறம் நீங்கள் சொல்வது எதையும் நம்பமாட்டான். பதிலாக வேலை கொடுங்கள். டார்ச்சுக்கு பேட்டரி பார்ப்பது, பாடப்புத்தகங்களையும் ரேஷன் கார்டையும் பிளாஸ்டிக் கவரில் போடுவது, உங்கள் செல் நம்பரோடு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-ஐ மனப்பாடம் செய்வது எல்லாம் அவன் பொறுப்பு. பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி டில்லி ஸ்மித், வகுப்பில் படித்த அடையாளங்களை 2004-இல் தாய்லாந்தின் ஃபூகெட் கடற்கரையில் கண்டு, பெற்றோரிடம் சொல்லி, அங்கிருந்தவர்கள் தப்பிக்க வழிசெய்ததையும் சொல்லுங்கள்.

புயல் நாட்களில் நியூஸ் சேனலை ஓடவிடாதீர்கள். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் போடும்போது, ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு வீடு இடிகிறது என்று அவன் நினைக்கக்கூடும்.

இதற்குப் பிறகும் தூக்கமில்லாமல் தவிப்பதோ, படுக்கையை நனைப்பதோ, பள்ளிக்குப் போக மறுப்பதோ வாரக்கணக்கில் நீடித்தால், தள்ளிப்போடாமல் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள்.