ரெகே குழுவுக்குக் கன்ட்ரி பாட்டு எதற்கு?

கேள்வி: ஸ்காபரோவில், ஜமைக்காவின் இசையான ரெகேயை வாசிக்கும் ஒரு குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். குழுவில் நான் ஒருவன்தான் தமிழன், மற்றவர்கள் ஜமைக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். எங்கள் முதல் ஆல்பம் முழுக்கப் பழைய அமெரிக்கக் கன்ட்ரி பாடல்களாக இருக்கட்டும் என்கிறார் பாடகர். மற்றவர்களும் தலையாட்டிவிட்டார்கள். கௌபாய் தொப்பிப் பாட்டையெல்லாம் ரெகேயில் போட்டால் ஊர் சிரிக்காதா? ரெகேக்கும் அவமானம் இல்லையா? குழுவிலிருந்து விலகிவிடலாமா என்று யோசிக்கிறேன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், டொராண்டோ

பதில்: விலகாதீர்கள், தம்பி. ரெகேயின் மானத்தைக் காக்க நினைக்கிறீர்கள், அது நல்ல மனசு. ஆனால் இந்த விஷயத்தில் உங்கள் பாடகருக்குத் தெரிந்தது உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. கன்ட்ரி இசை ஜமைக்காவுக்கு அந்நியம் இல்லை. ரெகே பிறப்பதற்கு முன்பே அங்கே வானொலியில் குடியேறிவிட்ட இசை அது. அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ் 1964-இல் விமான விபத்தில் இறந்தார். இன்றும் ஜமைக்காவின் பெரியவர்களிடம் அவர் பெயரைச் சொன்னால் முகம் மலரும். இலங்கையிலும் அவருக்குப் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் கேட்டுப் பாருங்கள்.

ஜமைக்கப் பாடகர் ஜான் ஹோல்ட்டைக் கேட்டிருக்கிறீர்களா? கன்ட்ரி பாடலாசிரியர் கிரிஸ் கிறிஸ்டோபர்சன் எழுதிய 'ஹெல்ப் மீ மேக் இட் த்ரூ த நைட்' பாட்டை 1973-இல் வந்த தன் ஆல்பத்தில் வயலின்கள் சூழப் பாடினார். அது பிரிட்டனில் முதல் பத்துக்குள் போனது. யாரும் சிரிக்கவில்லை. தனிமையில் தவிக்கும் ஒருவனின் பாட்டு அது, அந்தத் தவிப்பை ஹோல்ட் அப்படியே பாடினார்.

இன்னொரு ஜமைக்கப் பாடகர் டூட்ஸ் ஹிப்பர்ட் இன்னும் துணிந்தார். ஜான் டென்வர் 1971-இல் பாடிய 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்' பாட்டில் மேற்கு வர்ஜீனியாவை எடுத்துவிட்டு மேற்கு ஜமைக்கா என்று வைத்துப் பாடினார். வீட்டுக்குப் போக ஏங்குகிறவனுக்கு எந்த ஊராக இருந்தால் என்ன? இத்தனைக்கும் அந்தப் பாட்டுக்கான எண்ணம் அதை எழுதியவர்களுக்கு உதித்தது பக்கத்து மாநிலமான மேரிலாந்தின் சாலை ஒன்றில் கார் ஓட்டிப் போகும்போதுதான். அதனால் சொந்த ஊர்ப் பாட்டா, இரவல் பாட்டா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள்.

உங்கள் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. வேடிக்கைக்காகச் செய்தால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் 2005-இல் எதிர்த்திசையில் வந்து 'கன்ட்ரிமேன்' என்ற ரெகே ஆல்பம் போட்டார், டூட்ஸும் அதில் ஒரு பாட்டில் சேர்ந்து பாடினார். ஆனால் அட்டையில் கஞ்சா இலை போட்டதும், வால்மார்ட் கடைகளுக்கு மட்டும் பனைமரம் போட்டு அனுப்பியதும் பேச்சான அளவுக்கு உள்ளே இருந்த பாட்டுகள் பேசப்படவில்லை. உங்கள் அட்டையில் தொப்பியும் வேண்டாம், இலையும் வேண்டாம்.

இனி உங்கள் வேலைக்கு வருவோம், ஏனென்றால் இந்த ஆல்பம் பேஸ்காரர் கையில்தான் இருக்கிறது. நான்கு அடித் தாளத்தில், கன்ட்ரியில் பேஸ் ஒன்றிலும் மூன்றிலும் விழும், கிட்டார் இரண்டிலும் நான்கிலும் வெட்டும். ரெகே கிட்டாரும் அதே இடத்தில்தான் வெட்டுகிறது. ஆகவே பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. மாறுவது அடித்தளத்தில், பேஸிலும் டிரம்மிலும். ரெகேயின் ஒன் டிராப் தாளத்தில் முதல் அடி காலியாக நிற்கும், காலால் அடிக்கும் கிக் டிரம் மூன்றாவதில் விழும். அந்தக் காலி இடம் கதை சொல்லும் பாட்டுக்குப் பெரிய வரம், அங்கே விழும் சொல் தனியாக நின்று கேட்கும். நீங்களும் அந்த இடத்தை நிரப்பாதீர்கள். மூலப் பாட்டின் பேஸை நகலெடுக்காமல், பாடகரின் மெட்டுக்குப் பதில் சொல்வது போல உங்களுக்கென்று ஒரு வரி கண்டுபிடியுங்கள். வேகத்தைக் குறைக்கவும் தயங்க வேண்டாம்.

பாட்டுத் தேர்வில் மட்டும் கறாராக இருங்கள். இசையே இல்லாமல் வரிகளை வாசிக்கச் சொல்லுங்கள். பாடகருக்குத் தொண்டை அடைக்காத பாட்டைத் தள்ளிவிடுங்கள். 2011-இல் வி.பி. ரெக்கார்ட்ஸ் என்ற ரெகே இசை நிறுவனம் பல ஜமைக்கப் பாடகர்களை வைத்து இப்படி ஒரு தொகுப்பு வெளியிட்டது. அதில் ஜார்ஜ் ஜோன்ஸின் 'ஹி ஸ்டாப்ட் லவ்விங் ஹெர் டுடே' பாட்டை பெரஸ் ஹாமண்ட் பாடியிருக்கிறார். சாகும் வரை ஒருத்தியையே நேசித்தவனின் கதை அது. காதல் பாட்டிலேயே வாழ்ந்த குரலுக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்று கேளுங்கள்.

டூட்ஸைப் போல வரிகளை மாற்றும் எண்ணம் இருந்தால், பதிவுக்கு முன்பே பாட்டின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். மாற்றாவிட்டாலும் உரிமம் எடுத்தாக வேண்டும், அந்தச் செலவை ஸ்டூடியோ வாடகையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

வெளியிடும் முன், ஜமைக்கர்களின் பேட்டையான எக்லிங்டன் மேற்குப் பக்கம் ஒரு சிறிய இடம் பிடித்து, குழுவினரின் தாத்தா பாட்டிகளை முன்வரிசையில் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். எந்தப் பாட்டுக்கு அவர்கள் கூடவே பாடுகிறார்களோ அதையே ஆல்பத்தின் முதல் பாட்டாக வையுங்கள்.