லேப்டாப் யாருடைய மேஜையில் இருக்கிறது?

மஞ்சக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா கேட்கிறார். பிளஸ் டூ முடித்த மகளுக்கு கம்ப்யூட்டர் கேம் உருவாக்க ஆசை. "பொம்பளப் பிள்ளைக்கு கேம் எதுக்கு? மேனேஜ்மென்ட் கோட்டாவுல ஏஐ எடுத்துக் குடு" என்கிறாராம் தாய்மாமன்.

பயப்படாதீர்கள் அம்மா. ஆனால் அந்த சீட் வேண்டாம். ஒவ்வொரு வருஷத் தொடக்கத்திலும் 1.5 லட்சம் வீதம் நான்கு வருஷம் கடன் வாங்கினால், 10 சதவீதத் தனிவட்டியில், படிப்பு முடியும் நாளில் வட்டி மட்டுமே 1.5 லட்சம். அசல் 6 லட்சம் தனி. அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் போதும். அதோடு 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) உள்ள லேப்டாப் ஒன்று, அவளுக்கென்றே. தம்பியோடு பங்கு கூடாது.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்? 1980களில் அமெரிக்காவில் வீட்டுக் கம்ப்யூட்டரையும் கேமையும் பையன்களின் பொருளாகவே விற்றார்கள். கல்லூரிக்கு வரும்போதே அவர்கள் பல வருஷம் நோண்டிப் பழகியிருந்தார்கள்; பெண்கள் தங்களுக்குத் திறமையில்லை என்று நினைத்து ஒதுங்கினார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகம் முன் அனுபவத்துக்குத் தந்த முக்கியத்துவத்தைக் குறைத்து, புதியவர்களுக்குத் தனி ஆரம்பப் பாடமும் வைத்தது. கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ந்த பெண்கள் 1995இல் 7 சதவீதம், 2000இல் 42. குறைந்திருந்தது பழக்கம்தான். 1982இலேயே 'ரிவர் ரெய்ட்' கேமை உருவாக்கியவர் கரோல் ஷா என்ற பெண்.

மகள் 'கோடோ' என்ற இலவச மென்பொருளில் தொடங்கட்டும். பழைய கிராபிக்ஸ் கார்டு என்றால் புதிய புராஜெக்ட் உருவாக்கும்போது 'கம்பேட்டிபிலிட்டி' ரெண்டரரை (திரையில் படம் வரையும் பகுதி) தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் கேம் ஒரே திரைக்குள் அடங்கட்டும்: மேலிருந்து விழும் பழத்தைக் கூடையில் பிடிப்பது. பழத்தின் இடத்தை ஒவ்வொரு பிரேமிலும் (திரையில் வரும் ஒவ்வொரு படத்திலும்) மாற்றும்போது வேகத்தை 'டெல்டா'வால், அதாவது முந்தைய பிரேமிலிருந்து கடந்த நேரத்தால், பெருக்க மறந்தால், நொடிக்கு 60 முறை படம் மாறும் 60 ஹெர்ட்ஸ் திரையில் சரியாக விழும் பழம் 144 ஹெர்ட்ஸில் இரண்டு மடங்குக்கும் மேல் வேகமாக விழும். ஆரம்பத்தில் அநேகமாக எல்லாரும் இதில்தான் மாட்டுகிறார்கள். அன்றன்றைய வேலையை 'கிட்' (Git) என்ற, கோடின் பழைய வடிவங்களையும் காத்துவைக்கும் மென்பொருளில் சேமிக்கப் பழகட்டும். முடிந்ததை வெப் வடிவில் ஏற்றுமதி செய்து, ஜிப்பாக, சின்ன கேம்களை வெளியிடும் இணையதளமான இட்ச்.ஐஓவில் (itch.io) ஏற்றலாம். ஜிப்புக்குள் இருக்கும் முதன்மைக் கோப்பின் பெயர் 'இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்' (index.html) என்று இல்லாவிட்டால் கேம் திறக்காது.

பெரிய கேம் ஒன்றைப் பாதியில் விடுவதைவிட, முடித்த சின்ன கேம் மூன்று மேல். கேம் கம்பெனி வேலைக்கு சென்னை, பெங்களூரு போக வேண்டிவரும். அதை இப்போதே மனதில் வையுங்கள். கேம் வேலை அமையாவிட்டாலும், ஆப் செய்யும் கம்பெனியில் அந்த மூன்றையும் ஓட்டிக் காட்டி, எந்தப் பிழையை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அவளே விளக்கலாம்.

மாமாவிடம் நீங்களே பேசுங்கள், அம்மா. அவளைப் பேசவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள்.