பட்டியில் சரி செய்துகொள்ளலாமா?

அன்புள்ள ஐயா,

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரு விசைத்தறிக் கூடத்தில் மெயின்டனன்ஸ் வேலையில் இருக்கிறேன். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தமாக ஒரு இரண்டு சீட் கார் கட்டுகிறேன். பைப் ஃபிரேம் முடிந்து, பழைய மாருதி 800 இன்ஜினையும் ஏற்றியாயிற்று. பாடிதான் பாக்கி. வெளியே கேட்ட தொகை எனக்கு எட்டாது, நானே ஃபைபரில் செய்ய நினைக்கிறேன். தெர்மோகோலில் வடிவம் செதுக்கி அதன்மேல் நேராக ரெசின் போடலாமா? மேட் என்கிற கண்ணாடி இழை விரிப்புக்குப் பதில் பழைய பெட்ஷீட் போதுமா? மேடு பள்ளம் வந்தால் கடைசியில், பெயின்டுக்கு முன் பூசுகிற பட்டியில் சரி செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். சமையலறையை ஒட்டிய சாய்ப்பில்தான் வேலை. ஃபைபர் என்றாலே மட்டமான சாமான் என்கிறார் அப்பா. ஆர்.டி.ஓ.வில் விடுவார்களா?

ஆர்., பல்லடம்

அன்புள்ள ஆர்.,

போன வாரம்தான் கரூரில் பெரியப்பா வீட்டுப் பரணில் இருந்து அவருடைய டாலியை இறக்கினேன். தகட்டுக்கு அடியில் கொடுத்துப் பிடித்துக்கொண்டு மேலே சுத்தியலால் தட்டுவார்களே, அந்த இரும்புக் கட்டி. அதைத் துடைத்து மேசைமேல் வைத்திருக்கும்போது உங்கள் கடிதம் வருகிறது, அதில் "பட்டியில் சரி செய்துகொள்ளலாம்" என்று ஒரு வரி.

அதற்கு வருகிறேன். முதலில் அந்தச் சாய்ப்பை விட்டு வெளியே வாருங்கள். ரெசினில் இருந்து கிளம்புகிற ஸ்டைரீன் ஆவி தீப்பிடிக்கும், நெஞ்சுக்கும் ஆகாது. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா அடுப்பு பற்ற வைப்பார். என்ன யோசித்து இதை எழுதினீர்கள்? வெட்டவெளியில், நிழலில் வேலை செய்யுங்கள். கடையில் ரெசினை இறுக வைக்கிற கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுப்பார்கள், இரண்டையும் நேராகக் கலந்தால் வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் விட்டு நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட் போக வேண்டும், கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி, நம் பக்கத்து வெயிலுக்கு 10 போதும். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அந்த பாட்டிலைத் திறக்காதீர்கள். இதில் சிக்கனம் பார்ப்பதாக இருந்தால் எனக்குக் கடிதமே எழுத வேண்டாம்.

பெட்ஷீட் வேண்டாம், வடிவம் நிற்கும், ஆனால் திருகு போட்ட இடத்தில் கிழியும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் இரண்டு அடுக்கு போட்டால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வரும், பாரத்தை ஃபிரேம் தாங்குவதால் உங்களுக்கு அது போதும். ஒரு சதுர மீட்டருக்கு மேட் 900 கிராம், ரெசின் இரண்டே கால் கிலோ வரை. அப்பாவிடம் சொல்லுங்கள், 1953இல் அமெரிக்காவில் கார்வெட் என்கிற ஸ்போர்ட்ஸ் கார் வந்தபோது அந்த வருடம் கட்டிய 300 கார்களுக்கும் ஃபைபர் பாடிதான். பெங்களூரில் செய்த சிபானி டால்பின் காரும் ஃபைபர்தான். ஆர்.டி.ஓ. விஷயத்தில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை, வீட்டில் கட்டிய காருக்குப் பதிவு எளிதில் கிடைக்காது, பதிவில்லாமல் ரோட்டில் இறக்காதீர்கள். சொந்தக் காட்டில் ஓட்டுங்கள்.

சரி, பட்டி.

பெரியப்பா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் டிங்கர். பள்ளி லீவில் நான் அங்கேயே கிடப்பேன். தகட்டைத் தட்டி முடித்ததும் அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பழைய வேட்டித் துண்டைத் தகட்டின்மேல் விரித்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் நீளவாக்கில் தடவுவார். வெறும் கை தகட்டில் ஒட்டி ஒட்டி இழுக்கும், நடுவில் துணி இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும், அப்போதுதான் அலை தெரியும் என்பார். "இங்க அரை நூல் பள்ளம் இருக்குது பாரு" என்று என் கையைப் பிடித்து வைப்பார். எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த லீவு முடிகிற சமயத்தில் ஒருநாள் தெரிந்தது. ஏறிக்கொண்டே போன கை ஓரிடத்தில் லேசாக இறங்கியது. அவரிடம் சொன்னேன், ஒன்றும் சொல்லாமல் டாலியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

ஒரு பஸ் மட்டும் அப்படி முடியவில்லை. உரிமையாளருக்கு நல்ல நாளில் வண்டி வெளியே போக வேண்டும். பெரியப்பாவும் இணங்கிப்போனார். பின்பக்க மூலையில் தட்ட வேண்டிய பள்ளத்தைப் பட்டியால் நிரப்பினார்கள், விரல் தடிமன் இருக்கும். பெயின்ட் அடித்து நிறுத்தியபோது அதைவிட அழகான பஸ் அந்தப் பட்டறையில் இல்லை. இரண்டு மழைக்காலம் போனது. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அதே பஸ்ஸின் மூலையில் தோசை அளவுக்குப் பட்டி பெயர்ந்து தகடு தெரிந்தது. பெரியப்பா என் தோளைப் பிடித்து மறுபக்கமாகத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார். அதற்கப்புறம் அந்த பஸ் நிற்கிற வரிசைப் பக்கமே அவர் போக மாட்டார். ஊரில் யாருக்கும் அது அவர் வேலை என்று தெரியாது.

பட்டி கெட்ட சாமான் இல்லை, தம்பி. அது ஆடாத இடத்தில் இருக்க வேண்டிய சாமான். காரின் பேனல் இன்ஜினோடு சேர்ந்து அதிரும், ஃபைபர் வளைந்து கொடுக்கும், தடிமனாகப் போட்ட பட்டி வளையாது, வெடித்துப் பெயரும். ஆனால் நீங்கள் முதலில் தெர்மோகோலில் செதுக்குகிற மாதிரி வடிவம் இருக்கிறதே, அது ரோட்டுக்குப் போகப்போவதே இல்லை. அதில் எவ்வளவு பட்டி வேண்டுமானாலும் போடுங்கள். உங்கள் பட்டி முழுவதும் அங்கே தீர வேண்டும். அந்த மாதிரியின்மேல் ஃபைபர் போட்டு எடுப்பது மோல்டு, அதாவது அச்சு. அந்த மோல்டுக்குள் ஃபைபர் போட்டு எடுப்பதுதான் காரில் மாட்டுகிற பேனல். மாதிரியில் விட்ட ஒரு நகக்கீறல் மோல்டில் மேடாக நிற்கும், அதில் எடுக்கும் ஒவ்வொரு பேனலிலும் திரும்பக் கீறலாக வந்து உட்காரும். பத்து ஞாயிறு வேலை என்றால் எட்டு ஞாயிறு மாதிரிக்குக் கொடுங்கள். வாட்டர் பேப்பரைக் கையில் வெறுமனே பிடித்துத் தேய்க்காதீர்கள், விரல் போன இடமெல்லாம் பள்ளமாகும், நீளமான மரக்கட்டையில் சுற்றித் தேயுங்கள். 220ஆம் நம்பர் பேப்பரில் தொடங்கி 400, 800 என்று போய் 1200 வரை. பெயின்ட் அடித்து, டியூப் லைட் வெளிச்சத்தை அதில் விழவிட்டுப் பாருங்கள். கோடு நெளிந்தால் இன்னும் முடியவில்லை. கை வலிக்கிறது, இது போதும் என்று தோன்றும், அங்கே நிறுத்தாதீர்கள். உங்களிடம் பணம் இல்லை, ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. இந்த வேலைக்குக் காசு அநேகமாக வேண்டியதே இல்லை, பட்டறைக்காரர் உங்களிடம் கேட்ட பெரிய தொகையில் பாதிக்கு மேல் இந்தத் தேய்ப்புக்குத்தான் இருக்கும். நியாயமான கூலிதான் அது.

தெர்மோகோல் கேட்டிருந்தீர்கள். நேராக ரெசின் பட்டால் ஸ்டைரீன் அதைக் கரைத்துக் குழியாக்கிவிடும். துண்டுகளை ஃபெவிக்காலில் ஒட்டிச் செதுக்குங்கள், மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி நன்றாகக் காயவிட்டு பிரைமர் அடியுங்கள், அதற்குமேல் பட்டி. மோல்டு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வாக்ஸ் நாலைந்து தடவை. அதற்குமுன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். படம் அனுப்ப வேண்டாம், படத்தில் அலை தெரியாது. நானே பல்லடம் வருகிறேன், பழைய வேட்டி ஒன்று கிழித்து வையுங்கள்.