படி ஏறுவது அம்மா, ட்ரெட்மில் தேடுவது மகன்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): எனக்கு வயது 49. தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பிபிக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது சுகரும் பார்டரில் இருக்கிறது. டாக்டர் தினமும் வேகமாக நடக்கச் சொன்னார், நேரமே கிடைப்பதில்லை. ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, அதனால் மொட்டைமாடியில் துணி காயப்போடுவது, தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பது எல்லாம் அம்மாதான் (73 வயது). வீட்டிலேயே ட்ரெட்மில் வாங்கிப் போடலாமா, சைக்கிள் நல்லதா? தினமும் 10,000 அடி கட்டாயமா?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்:

ட்ரெட்மில்லைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அம்மா மாடி ஏறுவதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. 73 வயதில் ஒரு அம்மா ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறார். 49 வயது மகன் கீழே சோபாவில் உட்கார்ந்து எந்த ட்ரெட்மில் நல்லது என்று போனில் தேடுகிறார். எழுதும்போதே உங்களுக்குக் கூச்சமாக இல்லையா தம்பி?

நேரமில்லை என்று வரும் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. அப்படி எழுதும் ஆண்களில் பலருடைய வீட்டில், அவர் எழுந்திருக்காமல் இருப்பதற்காக எழுந்து நடக்கிற ஒரு பெண் இருக்கிறார். டாக்டர் உங்களுக்கு எழுதிக்கொடுத்த மருந்தை உங்கள் அம்மா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவர் திடமாக இருக்கிறார், உங்களுக்கு மூச்சு வாங்குகிறது. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து 1953-ல் முடிவை வெளியிட்டார். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மேலும் கீழும் படி ஏறி இறங்குபவர். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. வந்தவர்களுக்கும் அது உயிரைப் பறிப்பது குறைவு. நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொண்டுபோன தபால்காரர்களையும் நாற்காலியில் இருந்த குமாஸ்தாக்களையும் ஒப்பிட்டபோதும் கதை அதேதான். நீங்கள் கணக்குப் பிரிவு. புரிகிறதல்லவா?

உடனே போய், "அம்மா, இனி நீங்கள் மாடிக்கே போகவேண்டாம்" என்று பாசத்தைக் கொட்டி அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிடாதீர்கள். நம் வீடுகளில் பெரியவர்களை முடக்குவதே இந்தப் பாசம்தான். முட்டி ஒத்துழைக்கிறவரை அவர் ஏறட்டும். வாளியை நீங்கள் தூக்குங்கள். இருட்டிய பிறகு தொட்டியை நீங்கள் பாருங்கள்.

இதையும் யோசியுங்கள். நாளைக்கு உங்களுக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டால், பகலெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளப் போவது யார்? அந்த 73 வயதுதானே? பெற்றவளைக் கடைசிவரை பார்த்துக்கொள்வது மகனின் கடமை என்று நினைக்கிற பழைய ஆள் நான். அதற்கு முதலில் நீங்கள் எழுந்து நிற்கவேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்வது உங்கள் சொந்த விஷயம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் இன்றைக்கே ரோஷப்பட்டு நாலு மாடி ஏறிவிடாதீர்கள். பிபி, சுகர் பார்டர், ஒரு மாடிக்கே மூச்சு வாங்குவது, மூன்றும் சேர்ந்தால் அதை வெறும் பழக்கமின்மை என்று நாமே முடிவு செய்யக்கூடாது. இந்த வாரமே டாக்டரிடம் போய் மூச்சு வாங்குவதைச் சொல்லுங்கள். ஈசிஜி, எக்கோ, ரத்தசோகைக்கான பரிசோதனை, எது தேவை என்று அவர் சொல்வார். ஏறும்போது நெஞ்சை அழுத்தினாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

அவர் சரி என்ற பிறகு நடை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடமாவது. ஐந்து நாள், நாளுக்கு அரைமணி. அதைக்கூடப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் பத்தை இரவுச் சாப்பாடு முடிந்ததும் வையுங்கள்; நடக்கும்போது தொடையும் கெண்டைக்காலும் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை எடுத்து எரிக்கும். பேச்சு வரவேண்டும், பாட்டு வரக்கூடாது, வேகத்துக்கு அதுதான் அளவு. மாதக்கணக்கில் விடாமல் நடந்தால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளப் பழகும், சும்மா இருக்கும்போது நாடி நிதானமாகும், பிபியும் சில புள்ளிகள் இறங்கும். இறங்கிவிட்டதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

10,000 அடி 1960-களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்க வந்த கணக்கு. அதற்குக் குறைவாக நடந்தாலும் பலன் உண்டு, எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

ட்ரெட்மில் இப்போதைக்கு வேண்டாம். மூன்று மாதம் தெருவில் நடந்துவிட்டு, அப்போதும் ஆசை இருந்தால் எழுதுங்கள், எது வாங்கலாம் என்று சொல்கிறேன்.